தழும்பு இல்லாத படம்

வேலை முடிஞ்சா முடிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லோணுமா வேண்டாமாங்க? நீங்களே சொல்லுங்க. போன் கையிலதான் இருக்குது. என்ற நம்பர் அதுல இருக்குது. ஒரு அமுக்கு அமுக்கி, அண்ணா, இப்படி இப்படி, எனக்குக் காரியம் ஆயிருச்சு, நீங்க சிரமப்பட வேண்டாம்னு சொன்னா என்னங்க குறைஞ்சு போகுது? நான் அதை மட்டுந்தான் கேக்கறேன். வேற ஒண்ணும் கேக்கலை.

ஈரோடு வரைக்கும்ங்களா நீங்க? நானும் அங்கதானுங்க. நல்லதாப் போச்சு. ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க, எனக்குக் காத்து ஆகாது. இந்தப் பையைக் காலுக்குக் கீழ வெச்சுக்கறேன். பச்சைக் கடலைக்காய்ங்க. வேணுமின்னா எடுத்துத் தொலிச்சுச் சாப்பிடுங்க. இத்தனையை வெச்சு நான் என்ன பண்றது? வீட்டுல நான் ஒருத்தன்தான்.

என்ற பேரு சென்னியப்பன். செத்தவங்களுக்கு இன்டர்நெட்டுல பக்கம் போட்டுக் குடுக்கறது தொழில். சிரிக்காதீங்க, நெசமாத்தான். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகை அடிக்கறாங்கல்ல, அதுல மூலையில ஒரு கறுப்புக் கட்டம் இருக்கும், பார்த்திருப்பீங்க. அதைப் போன்ல காட்டினா ஒரு பக்கம் தொறக்கும். தவறிப்போனவங்க படம், பொறந்த தேதி, மக்க மருமக்க பேரு, கல்யாணத்துல எடுத்தது, பேரன் பேத்தியோட எடுத்தது, எல்லாம் அதுல வரும். ஒறம்பரைங்க, சொந்தபந்தமெல்லாம் நாலு வார்த்தை எழுதிப் போடலாம். முன்ன நான் ஈரோட்டுல ஒரு அச்சாபீசுல டிசைன் பண்ணிட்டிருந்தனுங்க. கண்ணீர் அஞ்சலி பிளக்ஸு, கருமாதிப் பத்திரிகை, எல்லாம் என்ற கையிலதான் போகும். அப்பறம் நானே தனியாத் தொடங்கிட்டேன். வீட்டுலயே ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி. படம் வாட்சப்புல வந்துரும். ஆரும் வாசப்படி ஏறி வர வேண்டியதில்லை. தொழில்னா அப்படி இருக்கோணுமுங்க.

இதுல முக்கியமானது என்னன்னு நெனைக்கறீங்க? அழகுங்களா? இல்லீங்க, வேகம். காரியம் நடக்கறது ஏதோ ஒரு தோட்டத்துல. டவர் ஒரு கோடு காட்டும், காட்டாமயும் போகும். அத்தனை பேரும் ஒரே நேரத்துல அந்தக் கட்டத்தைப் போன்ல காட்டுவாங்க. அந்தப் பக்கம் எலை போட்டாச்சுன்னு ஒருத்தர் கூப்பிடுவாரு. அப்ப போனைக் கையில வெச்சுட்டு எவன் நிப்பான்? மூணு எண்ணறதுக்குள்ள முகம் வந்துரோணும். வரலேன்னா போனைப் பாக்கெட்டுல போட்டுட்டுப் பந்திக்குப் போயிருவான். செத்தவங்க உள்ளுக்குள்ளயே சுத்திட்டுக் கெடக்கோணும், அந்த வட்டம் சுத்துமுல்ல, அதாட்ட.

அதனால படத்தோட கனத்தைக் குறைக்கோணும். பழைய படமெல்லாம் ஜேபெக்குன்னு ஒரு ரகமுங்க. நெம்ப காலமா இருக்கறது, எந்தப் போன்லயும் தொறக்கும், ஆனா கனம். அப்பறம் வெப்-பின்னு ஒண்ணு வந்துச்சு. அதே படம், கனம் குறைவு. இப்ப அதுக்கும் மேல ஏவிஃப்னு ஒண்ணு வந்திருக்குது. அது ஒரு அதிசயமுங்க. ஜேபெக்குல மூட்டையா இருக்கறதை அது பொட்டலமா மடிச்சுக் குடுத்துரும். எப்படீன்னா, மனுசக் கண்ணு எதையெல்லாம் கவனிக்காதோ அதையெல்லாம் தூக்கிப் போட்டுரும். நீங்க ஒருத்தர் முகத்தைப் பார்க்கறீங்க. கண்ணைப் பார்ப்பீங்க, வாயைப் பார்ப்பீங்க. கன்னத்துத் தோலு எங்கெங்க சொரசொரன்னு இருக்குதுன்னா பார்க்கப் போறீங்க? பார்க்க மாட்டீங்க. அப்ப அது எதுக்கு? அதைச் சமமா நெரவி விட்டுரும். புள்ளி புள்ளியா இருந்தா எல்லாம் தூசுன்னு அதுக்கு நெனப்பு.

எனக்கு அந்த ரோசனை நெம்பப் புடிச்சிருந்துச்சு. வேண்டாததை எடுத்துட்டா வேகம் தானா வந்துரும். பேச்சும் அப்படித்தான் இருக்கோணும்னு வீட்டுக்காரிகிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். ருக்குமணின்னு பேரு. இப்ப பெங்களூர்ல புள்ளை வீட்டுல இருக்கறா. பேத்தி பொறந்தப்ப ரெண்டு மாசம் இருந்துட்டு வர்றேன்னு போனவ. பேத்தி இப்ப பள்ளிக்கூடம் போகுது. ஞாயித்துக்கிழமையானா போன் பண்ணுவா. தக்காளி வெலையில ஆரம்பிப்பா, மேல் வீட்டுக்காரி குக்கர் வெடிச்சதுக்குப் போவா, அங்கிருந்து பேத்தி பல்லு விழுந்ததுக்கு வருவா. சொல்ல வந்ததைச் சொல்லு ருக்குமணின்னா, ஒண்ணுமில்லீங்க, வெச்சர்றேன்னு வெச்சுருவா. சொல்ல வந்தது ஒண்ணுமில்லேன்னா எதுக்குங்க போன் பண்றது? எனக்கு இன்னைக்கு வரைக்கும் அது புரியலை.

சரி, விசயத்துக்கு வர்றேன். இந்தச் சித்திரையில வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்துல இருந்து ஒரு அம்மாளுக்குப் பக்கம் போடச் சொல்லி வந்துச்சு. பாவாத்தாள்னு பேரு, எண்பது வயசு இருக்கும். ஒரே ஒரு படந்தான். பொண்ணு அனுப்பிச்சிருந்தாங்க. அவங்க பேரு தெய்வானை. பள்ளிக்கூடத்துல சத்துணவு சமையலுக்கு இருக்கறவங்க. வீட்டுக்காரர் தவறினதுல இருந்து அம்மாகூடவே வந்து இருந்துட்டாங்க. நான் வழக்கம்போலப் படத்தை ஏவிஃப்ல சுருக்கிப் பக்கத்தைப் போட்டேன். மூணு எண்ணவே வேண்டியதில்லை. ஒண்ணுன்னு வாயைத் தொறக்கறதுக்குள்ள முகம் வந்து நின்னுச்சு. நானே நாலஞ்சு தடவை தொறந்து தொறந்து பார்த்தேன். அப்பறம் அவங்க அனுப்பின அசல் படத்தை அழிச்சுட்டேன். அது என்ற வழக்கமுங்க. இடத்தை அடைச்சுட்டுக் கெடக்குமுல்ல.

காரியம் முடிஞ்ச மறுநாள் போன் வருது. ஏனுங்ணா, அம்மா முகத்துல ஒண்ணுமே இல்லீங்களேன்னாங்க. நெம்ப மெல்லமாச் சொன்னாங்க. நான் பக்கத்தைத் தொறந்து பார்த்தேன். ஆமா, நெத்தி வெறும் நெத்தியா இருக்குது. அச்சாபீசுக் காலத்துல இருந்து இது எங்களுக்குப் பழக்கமுங்க. முகத்துல ஒண்ணுமில்லேன்னு ஆராச்சும் சொன்னா, பொட்டுன்னு அர்த்தம். ஆம்பளைங்களுக்குத் திருநீறு, பொம்பளைங்களுக்குக் குங்குமம். எத்தனை பேருக்கு வெச்சு உட்டிருப்பேன். சரி அம்மிணி, இப்பவே பண்ணி உடறேன்னு சொல்லிட்டு, நல்ல ரூபாய்க்காசு அகலத்துக்கு ஒரு குங்குமப் பொட்டு வெச்சு உட்டுட்டேன். முகத்துக்கு லட்சணமா இருந்துச்சுங்க.

அந்தம்மா தாலி அறுத்தவங்க. வெள்ளைச் சீலை. படம் தோளோட முடிஞ்சுரும், ஓரத்துல சித்த வெள்ளை தெரியும். நான் அதைப் பின்னால இருக்கற சுவருன்னு நெனைச்சுட்டேன். இதுல என்ற தப்பு என்னங்க இருக்குது? எதையும் முழுசாச் சொல்லோணும். பொழுது சாயறதுக்குள்ள ஊரே பார்த்துருச்சு, அத்தனை வேகமாத் தொறக்கற பக்கமுல்ல அது. தெய்வானையோட அண்ணன் போன் பண்ணி, எவன்டா எங்கம்மாளுக்குப் பொட்டு வெச்சதுன்னு கேட்டாரு. அச்சாபீசுல நான் கேக்காத பேச்சில்லை, இருந்தாலும் அன்னைக்குச் சாப்பாடு எறங்கலை. பொட்டை எடுத்துட்டுச் சும்மா உக்காந்திருந்தேன்.

அப்பத்தான் தெய்வானை கூப்பிட்டாங்க. இன்னொரு மண்டகப்படின்னு நெனைச்சுட்டு எடுத்தேன். ஏனுங்ணா, எங்கய்யன் போயி இத்தனை வருசம் கழிச்சு எங்கம்மாளை மறுபடியும் சுமங்கலி ஆக்கிப் போட்டீங்களேன்னு சொல்லிட்டுச் சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. சிரிச்சு, இருமி, தண்ணி குடிச்சு, மறுபடியும் சிரிச்சாங்க. ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். வீடு பூராக் கேட்டுச்சு. என்ற வீட்டுக்குள்ள ஒரு ஆள் சிரிச்சு நாளாச்சுங்க. நான் அதைக் கேட்டுட்டே இருந்தேன்.

அப்பறந்தான் சொன்னாங்க, நான் பொட்டைச் சொல்லலீங்ணா, குழியைச் சொன்னேன்னு. அந்தம்மாளுக்குச் சின்னப் புள்ளையில பெரியம்மை போட்டு, ரெண்டு கன்னத்துலயும் தழும்பாம். குழி குழியா இருக்குமாம். அதுக்கு வெக்கப்பட்டு ஆயுசுக்கும் படமே எடுத்துக்கலை. ஒரு நாள் புளி கொட்டை எடுத்துட்டு இருக்கும்போது, அவங்களுக்குத் தெரியாமப் பேரன் எடுத்த படந்தான் இது. அதுல வெயில் பக்கத்துல இருந்து அடிச்சதுல ஒவ்வொரு குழியும் அப்படியே தெரிஞ்சுதாம். நான் போட்ட படத்துல ஒண்ணுகூட இல்லை. கன்னம் மழுமழுன்னு இருக்குது. ஏவிஃப் அத்தனையையும் தூசுன்னு நெரவி உட்டுருச்சு.

நான் சொன்னேன், அம்மிணி, மத்தவங்க எல்லாம் தழும்பை எடுத்துக் குடுங்கன்னு தனியாக் கேட்டு வாங்குவாங்க, உங்களுக்குக் கேக்காமயே ஆயிருக்குது, அழகாத்தான இருக்குதுன்னு. அழகா இருக்குதுங்ணா, ஆனா எங்கம்மாளாட்ட இல்லைன்னாங்க. நான் சின்ன வயசுல அந்தக் குழிக்குள்ள வெரலை வெச்சுட்டுத்தான் தூங்குவேன், எனக்கு அந்த முகந்தான் வேணும்னாங்க.

அந்தப் படத்தையே மறுபடியும் அனுப்புங்கன்னேன். அனுப்ப அவங்ககிட்ட இல்லை. அவங்க போன் சத்துணவுக்கூடத்துத் தண்ணித் தொட்டியில விழுந்து செத்துப்போச்சு, இப்பப் பேசறது வேற போன். படம் எடுத்த பேரன் மஸ்கட்டுல இருக்கறான், அவன் அந்தப் போனைப் போட்டுட்டு வேற வாங்கிட்டான். அப்ப உங்ககிட்டத்தானுங்ணா இருக்கோணும்னாங்க. அழிச்சாச்சு அம்மிணின்னேன். எதுக்குங்ணா அழிச்சீங்கன்னாங்க. அரிசி வந்தப்பறம் நெல்லு மூட்டையை எதுக்கு அம்மிணி வெச்சிருக்கோணும்னு கேட்டேன். நல்ல பதிலுதானுங்க அது? அதுக்கு அவங்க, வெதைக்கறதுக்கு நெல்லு வேணுமுங்களேண்ணான்னாங்க. வேளாமைக்காரங்க இல்லீங்களா, அப்படித்தான் பேசுவாங்க.

அதுல இருந்து போன்தானுங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள். மத்தியானம் புள்ளைங்களுக்குச் சோறு போட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவுத்துட்டுக் கூப்பிடுவாங்க. ஏதாச்சும் பண்ண முடியுமாங்ணான்னு ஆரம்பிக்கும். அது என்னமோ ஒரு வார்த்தைதான். அப்பறம் பேச்சு எங்கெங்கயோ போகும். வெள்ளாடு குட்டி போட்டது, முட்டை வர்ற வண்டி வராம டீச்சர் கத்துனது, அம்மா சாகறதுக்கு முந்துன நாள் இட்டிலி வேணும்னு அடம் புடிச்சது. தொந்தரவு தாங்க முடியலீங்க. அந்நேரத்துக்கு நான் வேற வேலை ஒண்ணும் வெச்சுக்கறதில்லை. சாப்பாட்டை முன்னாடியே முடிச்சுட்டு, போனைச் சார்ஜ் போட்டுத் தயாரா வெச்சுக்கறது. பாதிப் பேச்சுல அணைஞ்சு போச்சுன்னா கஸ்டமர் என்ன நெனைப்பாங்க?

காதுல இயர்போனை மாட்டீட்டீங்களா? இல்லீங்களா, சரி சரி. சும்மா கையில வெச்சிருக்கீங்க. முத்தூர் தாண்டிருச்சு பாருங்க.

நான் சும்மா இருக்கலீங்க. அழிஞ்ச படத்தைத் தோண்டி எடுக்கற புரோகிராமெல்லாம் போட்டுப் பார்த்தேன். கிடைக்கலை. அந்த மழுமழுப் படத்துல நானே குழி வரைஞ்சு பார்த்தேன். அனுப்பிச்சா, ஏனுங்ணா, கொசு கடிச்சாப்ல இருக்குதுன்னு சொல்லிச் சிரிச்சாங்க. கன்னத்துல எந்தப் பக்கம் பெரிய குழி, எந்தப் பக்கம் சின்னதுன்னு அவங்க சொல்லச் சொல்ல நான் வரைவேன். இல்லீங்ணா, கண்ணுக்குச் சித்த கீழ, மூணு ஒட்டுனாப்ல இருக்கும்னுவாங்க. கண்ணை மூடிட்டு வெரல்ல தொட்டுச் சொல்றாங்கன்னு நமக்குத் தெரியும். எனக்கு இப்ப அந்தம்மா முகம் மனப்பாடமுங்க. என்ற வீட்டுக்காரிக்கு எந்தக் கன்னத்துல மச்சம்னு கேட்டீங்கன்னா நான் ரோசனை பண்ணித்தான் சொல்லோணும்.

ஒரு நாள் அந்நேரத்துக்கு ருக்குமணி கூப்பிட்டிருக்கறா. ஞாயித்துக்கிழமைகூட இல்லை. லைன் கிடைக்கலை. மறுபடியும் கூப்பிட்டிருக்கறா, அப்பவும் கிடைக்கலை. பொழுது சாயறப்ப நான் எடுத்ததும், அத்தனை நேரம் ஆருகூடப் பேசிட்டிருந்தீங்கன்னா. கஸ்டமருன்னேன். என்ன பேசுனீங்கன்னா. வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டுருக்குதாம்னேன். அதுக்கு அவ, எனக்குக் காய்ச்சல், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன், சொல்லிட்டேன், வெச்சர்றேன்னா. பாருங்க, சுருக்கமாச் சொல்ல வருதுல்ல அவளுக்கும்.

ஆனியில ஒரு நாள் தெய்வானை கூப்பிட்டாங்க. அன்னைக்குக் குரலே வேற. ஏனுங்ணா, அம்மா வந்துட்டாங்கன்னாங்க. என்ன அம்மிணி சொல்றீங்கன்னேன். பக்கத்துத் தோட்டத்துல ராமாயாள்னு ஒருத்தங்க. அவங்ககிட்ட ஒரு பழைய போன், கண்ணாடி ஒடைஞ்சு, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினது. அதுல நான் போட்ட பக்கத்தைத் தொறந்திருக்கறாங்க. தொறக்கறதுக்குள்ள ஒரு காப்பி வெச்சுக் குடிச்சுரலாமாம். மேல இருந்து துண்டு துண்டா எறங்கி வந்துச்சாம். முதல்ல நெத்தி, அப்பறம் கண்ணு, அப்பறம் கன்னம். கன்னத்துல குழியோட வந்துச்சாமுங்க.

அது ஒண்ணுமில்லீங்க. ரொம்பப் பழைய போனுக்கு ஏவிஃப் தெரியாது, வெப்-பியும் தெரியாது. அதுங்களுக்குன்னு எல்லாப் பக்கத்துலயும் ஜேபெக்குல ஒரு நகல் போட்டு வெப்போம். புரோகிராமே போட்டுக்கும், நாம திரும்பிக்கூடப் பார்க்கறதில்லை. ஜேபெக்கை அத்தனை இறுக்கிச் சுருக்க முடியாது, அதனால அதுல தோலு தோலாவே நின்னுருச்சு. எனக்கு அது நெனப்புலயே வரலீங்க. அந்தப் போனை வெச்சிருக்கற மனுசங்க இன்னும் இருக்கறாங்கன்னே எனக்கு நெனப்பில்லை.

அந்தப் படத்தையே எல்லாப் போனுக்கும் போட்டுருங்ணா, மெதுவா வந்தாலும் பரவால்லை, எங்கம்மா எந்தக் காலத்துல வேகமா நடந்தாங்கன்னாங்க. சரி அம்மிணின்னேன். நெசமாச் சொல்லோணும்னா, அது ஒரு நிமிச வேலைங்க. ஒரு வரியை மாத்தினா முடிஞ்சுது.

ஆனா எதையும் அவசரப்பட்டுப் பண்ணக் கூடாதுங்க. நாலு போன்ல போட்டுப் பார்க்கோணும், நாளைக்கு வேற குறை வந்துரக் கூடாது. சர்வர்ல வேலை நடக்குது அம்மிணி, ஒரு வாரம் ஆகும்னேன். ஒரு வாரம் கழிச்சு, ஆச்சுங்களாண்ணான்னாங்க. இன்னும் கொஞ்சம் இருக்குதுன்னேன். அதுக்கு நடுவுல குட்டிக ரெண்டும் நல்லா இருக்குதான்னு நான்தான் கேப்பேன். அவங்க சொல்லுவாங்க. மறுபடியும் ஆச்சுங்களாண்ணா. மறுபடியும் ஒரு வாரம். இப்படியே ஆடி வந்துருச்சு. ஒரு நாள், அப்படி என்னங்ணா கஷ்டம் அதுலன்னு கேட்டாங்க. உங்களுக்குச் சொன்னாப் புரியாது அம்மிணின்னேன். சரீங்ணான்னு வெச்சுட்டாங்க.

அதோட சரி. மறுநாள் வரலை. அதுக்கு மறுநாளும் வரலை. உடம்பு சரியில்லையோன்னு நெனைச்சேன். பள்ளிக்கூடம் லீவோன்னு நெனைச்சேன். என்ற போன்லதான் கோளாறோன்னு சந்தேகம் வந்து, தெருமுக்குக் கடையில குடுத்து என்ற நம்பருக்கே ஒரு ரிங் குடுக்கச் சொன்னேன். நல்லாத்தான் அடிச்சுது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. சாப்பிட்டுட்டு அந்த நாற்காலியில வந்து உக்காருவேன். கம்ப்யூட்டர்ல பக்கம் பக்கமாச் செத்தவங்க. எல்லாரும் ஒரு நொடியில வந்து நிப்பாங்க. ஒருத்தரும் ஒண்ணும் பேச மாட்டாங்க. வீடு அப்படி அமைதியா இருந்தா எனக்கு ஆகறதில்லீங்க. முன்னெல்லாம் அதுதான் நெம்பப் புடிக்கும்.

நீங்களே கூப்பிட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. என்னன்னு கூப்பிடறது? சொல்லறதுக்கு விசயம் ஒண்ணும் இல்லாம எப்படீங்க ஒருத்தருக்குப் போன் பண்றது? அதனாலதான் இன்னைக்கு நேர்லயே கிளம்பி வந்தேன். அந்தப் பழைய போன்ல பக்கம் எப்படித் தொறக்குதுன்னு ஒருக்காப் பார்த்துட்டா என்ற சந்தேகம் தீருமுல்ல. தொழில்னா அதெல்லாம் பார்க்கோணும். சட்டை புதுசான்னு கேக்கறீங்களா? இல்லீங்க, தீபாவளிக்குப் புள்ளை எடுத்துக் குடுத்தது, பிரிக்காம இருந்துச்சு.

அந்தத் தோட்டத்து வீட்டுல அவங்க தனியா இருப்பாங்கன்னு நெனைச்சுட்டுப் போனனுங்க. அம்மா போயாச்சு, வீட்டுக்காரரும் இல்லை, வேற ஆரு இருக்கப் போறாங்க? வாசல்ல போயி நின்னா, கடலைக்காயைக் குவிச்சுப் போட்டு, சுத்தியும் பொம்பளைங்க உக்காந்து தொலிச்சுட்டு இருக்கறாங்க. அண்ணன் சம்சாரம், அக்கம்பக்கம், அந்த ராமாயாளும் இருக்கறாங்க. ஒரே பேச்சும் சிரிப்பும். எனக்கு எதுல நுழையறதுன்னே தெரியலை. நான் ஈரோட்டுல இருந்து வர்றேன், சென்னியப்பன்னேன். தெய்வானை முந்தானையை உதறிட்டு எந்திரிச்சாங்க. ஐயோ, வாங்ணா வாங்ணான்னாங்க. குரல் அதேதான். ஆளு நான் நெனைச்சதைவிட உசரம்.

அப்பறம் அத்தனை பேரையும் பார்த்து, இவங்கதான் எங்கம்மாளுக்குப் பொட்டு வெச்ச அண்ணன்னாங்க. எல்லாரும் சேர்ந்து ஒரே சிரிப்பு. ராமாயாள் வாயைப் பொத்திட்டுக் குலுங்கறாங்க. கொசு கடிச்ச கதையும் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. எங்க ரெண்டு பேருக்குள்ள இருந்த பேச்சுன்னு நான் நெனைச்சிருந்தனுங்க. ஊருக்கே தெரியும்போல.

உள்ள கூட்டிட்டுப் போனாங்க. செவுத்துல அந்தம்மா. நல்ல பெருசாச் சட்டம் போட்டு, சம்பங்கி மாலை போட்டு. கன்னத்துல அத்தனை குழியும் இருக்குது. கண்ணுக்குச் சித்த கீழ, மூணு ஒட்டுனாப்ல. நான் வரைஞ்சது ஒண்ணுகூடச் சரியில்லீங்க. இது எப்படி அம்மிணின்னு கேட்டேன். அதுங்களாண்ணா, ராமாயாள் போன்ல படத்தை அமுக்கிப் புடிச்சா அதுலயே வந்துருதாம், வெள்ளகோவில்ல போன் கடைக்காரர் அப்படியே எடுத்துப் பெருசாப் போட்டுக் குடுத்துட்டாருன்னாங்க. எப்பன்னேன். அது ஆச்சுங்ணா, ஆடி அமாவாசைக்கு முன்னாலயேன்னாங்க.

ஆடி அமாவாசைக்கு முன்னாலயே. நான் அந்த நாற்காலியில உக்காந்திருக்கறேன், இங்க செவுத்துல படம் தொங்குது. ஒரு வார்த்தை சொல்லோணுமா இல்லையா? அதைத்தானுங்க நான் முதல்ல இருந்து கேக்கறேன்.

சொல்லியிருக்கலாமே அம்மிணின்னு கேட்டேன், கேக்காம இருக்க முடியலை. அவங்களுக்கு நெசமாவே சங்கடமாப் போச்சு. இல்லீங்ணா, நீங்க பாவம் எத்தனை நாளாச் சிரமப்படறீங்க, கூப்பிட்டா மறுபடியும் அதே பேச்சாப் போயிரும், வேலையைக் கெடுக்கறமேன்னு எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சுன்னாங்க. அந்தப் பக்கம் இருந்தாலும் சரி, எடுத்துட்டாலும் சரீங்ணா, எங்களுக்குத்தான் அம்மா வந்துட்டாங்களேன்னாங்க. சாப்பிட்டுட்டுத்தான் போகோணும்னு நின்னாங்க. ஈரோட்டுல வேலை கெடக்குது அம்மிணின்னு சொல்லிட்டேன். அப்பத்தான் இந்தப் பையை ரொப்பிக் குடுத்தாங்க. பஸ் நிக்கற எடம் வரைக்கும் வந்து, பஸ் வர்ற வரைக்கும் நின்னாங்க. ஏறும்போது சொன்னாங்க, இனி உங்களைத் தொந்தரவு பண்ணவே மாட்டேனுங்ணான்னு. நல்ல மனசுலதானுங்க சொன்னாங்க. பஸ் எடுத்துட்டான்.

நீங்க முன்னாடியே எறங்கிக்கறீங்களா? மொடக்குறிச்சியிலயா? ஈரோடுன்னு சொன்னாப்ல இருந்துச்சே. சரி, வேலை இருக்கும். பார்த்து எறங்குங்க, கடலைக்காய் ரெண்டு கை எடுத்துக்குங்க.

இன்னும் ஒண்ணே ஒண்ணு, பஸ் நிக்கறதுக்குள்ள சொல்லிடறேன். அந்தப் படத்தை நான் இன்னும் மாத்தலீங்க. இப்பவும் அந்தம்மா பக்கத்தைத் தொறந்தா அதே மழுமழுக் கன்னந்தான் வரும், ஒரு நொடியில வரும். மாத்தப் போறதும் இல்லை, குறையோடவே கெடக்கட்டும். என்னைக்காச்சும் ஒறம்பரையில ஆராச்சும் பழைய பத்திரிகையை எடுத்து, அந்தக் கட்டத்தைப் போன்ல காட்டி, என்ன தெய்வானை, உங்கம்மா முகம் இப்படி இருக்குதுன்னு கேக்காமயா போயிருவாங்க? அன்னைக்கு அவங்களுக்கு நல்லாக் கோவம் வரும். திட்டறதுக்காச்சும் கூப்பிடுவாங்க. நான் முதல் ரிங்லயே எடுத்துருவேனுங்க.